ஓவரியில் கட்டி என்றார்களா? ஸ்கேனை இந்த வரிசையில் எடுங்கள்

வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்பிய மாதிரி, அடிக்கடி சிறுநீர் என்று வாரக்கணக்கில் இழுத்தால் கேஸ்ட்ரிக் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள், ஓவரியில், அதாவது சினைப்பையில், கட்டி இருந்தாலும் இப்படி இருக்கலாம். அதே நேரம், பக்கத்து கிளினிக்கில் ஸ்கேன் பார்த்து "ஓவரியில் கட்டி" என்று சொன்னதும் காசைப் புரட்டிக்கொண்டு சிடி ஸ்கேன், பெட் ஸ்கேன் என்று பெரிய மெஷினாகத் தேடி ஓடவும் வேண்டாம். சினைப்பைக் கட்டிக்கு முதலில் எடுக்க வேண்டியதும், பெரும்பாலானவர்களுக்குப் பதில் சொல்லிவிடுவதும் அல்ட்ராசவுண்டுதான். ஆனால் அதை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

மலேசியாவில் இருப்பவர்கள் முதலில் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். கோலாலம்பூர்க்காரர்கள் துங்கு அசிசா மருத்துவமனைக்கோ, பினாங்குக்காரர்கள் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகலாம். காத்திருக்க முடியாதவர்கள் தனியாரில் அல்ட்ராசவுண்டு மட்டும் எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போவதும் நடைமுறையில் உள்ளதுதான்.

மாதவிடாய் நிற்காதவர்கள், அவசரம் இல்லையென்றால், மாதவிடாய் தொடங்கிய 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் தேதி கேளுங்கள். கருமுட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் தானாக ஒரு கட்டி உருவாகும், அதைச் சுற்றி ரத்த ஓட்டம் நெருப்பு வளையம் போலத் தெரியும், பழகாத கண்ணுக்கு அதுவே பயத்தைக் கிளப்பிவிடும். அது தானாகவே மறைந்துவிடும். ஆனால் திடீரென்று ஒரு பக்கமாகக் கடும் வலியும் வாந்தியும் வந்தால் நாள் பார்க்காதீர்கள், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், அதனால்தான் வெளியே பெஞ்சில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் கழிவறைக்குப் போய்வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாகச் சிறு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். சினைப்பை தெளிவாகத் தெரிவது இதில்தான், கூச்சப்பட்டு மறுத்தால் நஷ்டம் நமக்கு. பெண் ஊழியர் உடன் இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். உடலுறவு அனுபவம் இல்லாதவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு வழியில் பார்ப்பார்கள். அம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்லத் தயங்கும் பெண்கள், அம்மாவைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டுப் பேசலாம்.

ரிப்போர்ட் வந்ததும் அளவை மட்டும் பார்த்து அழாதீர்கள். 6 சென்டிமீட்டர், ஒரே அறை, உள்ளே தெளிந்த நீர், சுவர் வழவழப்பு, ரத்த ஓட்டம் இல்லை என்றால் அது பெரும்பாலும் சாதுவான நீர்க்கட்டி. 4 சென்டிமீட்டர்தான், ஆனால் உள்ளே ஒழுங்கற்ற திடப்பகுதி, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முளைகள், பலத்த ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் தேக்கம் என்றால் அதுதான் கவலைக்குரியது. ஐயோட்டா என்ற பன்னாட்டுக் குழு 2008-இல் வெளியிட்ட எளிய விதிகள் இந்த மாதிரி அடையாளங்களைத்தான் பார்க்கின்றன. இப்போது சில ரிப்போர்ட்டுகளில் ஓ-ரேட்ஸ் என்று ஆபத்தின் அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும்: 2 என்றால் புற்றுநோய் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, 3 என்றால் 10-க்குள், 4 என்றால் 10 முதல் 50 வரை, 5 என்றால் 50-ம் அதற்கு மேலும். வெறுமனே "கட்டி 6 செ.மீ., மறுபடி பார்க்கவும்" என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தால், திடப்பகுதி இருக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையைத் தனியாக வைத்து முடிவு செய்யாதீர்கள். 35-ஐத் தாண்டினால் அதிகம் என்பார்கள், ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பைச் சதைக்கட்டி), ஏன், மாதவிடாய் நேரத்தில்கூட அது ஏறும். மருத்துவர்கள் ஒரு பெருக்கல் போடுவார்கள்: மாதவிடாய் நின்றவருக்கு 3, ஸ்கேனில் இரண்டு சந்தேக அடையாளம் இருந்தால் 3, சிஏ-125 அளவு 40 என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்கினால் 360. பொதுவாக 200-ஐத் தாண்டினால் பெண்கள் புற்றுநோய் நிபுணரிடம் அனுப்புவார்கள்.

அல்ட்ராசவுண்டில் குழப்பம் தீரவில்லை என்றால்தான் எம்ஆர்ஐ. கட்டிக்குள் இருப்பது கொழுப்பா, பழைய ரத்தமா, திசுவா என்று பிரித்துக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. உள்ளே போகும்முன் மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும், மாமியாரோடு அந்தப் பேச்சை முதல் நாளே முடித்துவிடுங்கள், அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சிடி ஸ்கேன் கட்டி எப்படிப்பட்டது என்று சொல்வதில் சுமார்தான். புற்றுநோய்ச் சந்தேகம் வலுத்த பிறகு, அது கல்லீரல் மேற்பரப்பு, நிணநீர் முடிச்சு, நெஞ்சு வரை பரவியிருக்கிறதா என்று அறுவைக்கு முன் பார்க்கத்தான் அது. சாயம் ஏற்றுவார்கள், அதனால் சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ சொல்லுங்கள். பெட் ஸ்கேனை முதலில் கேட்காதீர்கள், மாதவிடாய் வரும் பெண்களுக்கு நல்ல சினைப்பையே அதில் புற்றுநோய் போல ஒளிரும்.

சந்தேகமான கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், நிபுணரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். முழுசாக எடுக்க வேண்டியதை உடைத்துவிட்டால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்தும், அது புற்றுநோயாக இருந்தால், ஒரு சினைப்பைக்குள் அடங்கிய 1ஏ நிலையில் இருந்தது அடுத்த கட்டமான 1சி ஆகிவிடும்.

அறிகுறியே இல்லாதவர்கள் பண்டிகைக்கால செக்-அப் பேக்கேஜில் சினைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் வைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது, அப்படித் தேடியதால் மரணம் குறையவில்லை. ஆனால் அம்மாவுக்கோ சகோதரிக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் கதை வேறு, மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.