கூட்டணிகளும் போரும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போர் ஏன் வந்தது என்று கட்டுரை எழுதச் சொன்னால், புதிதாக வரலாறு படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். "ஐரோப்பிய வல்லரசுகள் இரண்டு முகாம்களாகப் பிரிந்திருந்தன. ஒரு நாடு போரில் இறங்கியதும் மற்றவையும் ஒப்பந்தப்படி இறங்க வேண்டியதாயிற்று." மாணவப் பருவத்தில் நானும் இப்படி எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். இப்போது விடைத்தாள் திருத்தும்போது அதே வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஆண்டை மாற்றி எழுதுவது, பெயரைத் தப்பாக எழுதுவது எல்லாம் புத்தகத்தைப் புரட்டினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போருக்கு முந்தைய கூட்டணியையும் போரில் நின்ற அணியையும் ஒன்றாக்குவது

1882-இல் உருவான முத்தரப்புக் கூட்டணியில் இருந்தவை ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி. போரில் மைய நாடுகள் என்ற பெயரில் நின்றவை ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, உதுமானியப் பேரரசு, பல்கேரியா. இத்தாலி எதிரணிக்குப் போய்விட்டது. பட்டியல் போடும்போது எந்த ஆண்டு நிலவரம் என்று குறித்துவிடுங்கள்.

"சங்கிலி போல இழுத்துப் போட்டது" என்று எழுதுவது

எனக்கு இன்னும் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு மாணவர் கரும்பலகையில் அழகாகப் படம் போட்டார். ஆஸ்திரியாவிலிருந்து செர்பியாவுக்கு ஓர் அம்பு, ரஷ்யாவிலிருந்து ஆஸ்திரியாவுக்கு ஒன்று, ஜெர்மனியிலிருந்து ரஷ்யாவுக்கு ஒன்று, அப்புறம் பிரான்ஸ், பிரிட்டன். ஒவ்வொரு அம்பின் மேலும் அதற்கான ஒப்பந்தத்தின் பெயரை எழுதச் சொன்னேன். இரண்டாவது அம்பிலேயே கை நின்றுவிட்டது. செர்பியாவைக் காப்பாற்ற ரஷ்யாவைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. கடைசி அம்புக்கும் அதே கதிதான். பிரான்ஸுக்காகப் போரிட்டே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் எதிலும் பிரிட்டன் கையெழுத்துப் போடவில்லை. 1912 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேவும் பிரெஞ்சுத் தூதர் காம்போனும் எழுதிக்கொண்ட கடிதங்கள்கூட, ஆபத்து வந்தால் கலந்து பேசுவோம் என்ற அளவோடு நின்றன. 1914 ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரிட்டன் அமைச்சரவை பிளவுபட்டுக் கிடந்தது. நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் படை நுழைவது உறுதியான பிறகுதான் பெரும்பான்மை போரின் பக்கம் சாய்ந்தது.

கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் ஓடி வந்தார்களா? இத்தாலி நடுநிலை என்று அறிவித்தது. ஒப்பந்தம் தற்காப்புக்கானது, தாக்கியது ஆஸ்திரியா, நம்மிடம் கேட்கவும் இல்லை என்று காரணமும் சொன்னது. 1915 மே மாதம் அதே ஆஸ்திரியாவின் மீதே போர் அறிவித்தது. 1883 முதல் ஆஸ்திரியாவோடு ரகசிய உடன்படிக்கை வைத்திருந்த ருமேனியாவும் ஒதுங்கி நின்று, 1916-இல் எதிர்ப்பக்கம் சேர்ந்தது. சங்கிலி என்று சொன்னால் இந்த இரண்டு நாடுகளையும் என்ன செய்வது?

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஜூலை 28-இல் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவிக்கிறது. ஆகஸ்ட் 1-இல் ஜெர்மனி ரஷ்யா மீது, 3-இல் பிரான்ஸ் மீது அறிவிக்கிறது. 4-இல் பிரிட்டன் இறங்குகிறது. ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது 6-ஆம் தேதி. யாருக்குத் துணை நிற்க வேண்டும் என்று ஜெர்மனி கிளம்பியதோ, அந்த நாடு ஐந்து நாள் கழித்துத்தான் வந்தது!

அப்படியானால் கூட்டணிகளுக்குப் போரில் பங்கே இல்லையா? உண்டு. அந்தப் பங்கைத்தான் இந்தச் சங்கிலிக் கதை மறைத்துவிடுகிறது.

முதலாவது, கூட்டாளி கைநழுவிப் போய்விடுவானோ என்ற பயம். 1879 உடன்படிக்கைப்படி, ரஷ்யா தாக்கினால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒன்றுக்கொன்று உதவ வேண்டும். ஆஸ்திரியா செர்பியாவைத் தாக்கினால் ஜெர்மனி ஆதரிக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆனாலும் 1914 ஜூலை 5-இல் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் ஆஸ்திரியத் தூதரிடம் முழு ஆதரவு தருவதாகச் சொன்னார். மறுநாள் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் அதை உறுதிப்படுத்தினார். நம்பத் தகுந்த ஒரே வல்லரசு நண்பனும் தளர்ந்துவிட்டால் தனித்து நிற்க நேருமே என்ற கவலை ஒப்பந்தம் கேட்காததையும் கொடுக்க வைத்தது. எதிர்ப்பக்கத்திலும் இதே கணக்குதான். 1909-இல், ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்ட விவகாரத்தில் ரஷ்யாவுக்காகப் பிரான்ஸ் வரிந்துகட்டவில்லை. 1911-இல் ஜெர்மனியோடு எழுந்த மொராக்கோ விவகாரத்தில் பிரான்ஸுக்காக ரஷ்யா பெரிதாக அக்கறை காட்டவில்லை. அந்த மனக்கசப்பு இருந்ததால் 1914-இல் இருவருக்குமே பின்வாங்கத் தயக்கம்.

இரண்டாவது, போர்த் திட்டம். 1894-இல் பிரான்ஸும் ரஷ்யாவும் சேர்ந்த பிறகு, இரண்டு முனைகளிலும் சண்டை வரும் என்று ஜெர்மன் தளபதிகள் கணக்குப் போட்டார்கள். ரஷ்யா படை திரட்ட நாளாகும், அதற்குள் பிரான்ஸை முடித்துவிட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அதனால் கிழக்கே தொடங்கிய சண்டைக்கு ஜெர்மனி மேற்கே பாய வேண்டியிருந்தது, அதுவும் பெல்ஜியம் வழியாக. ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டன் ஒதுங்கிவிடும் என்று அர்த்தப்படும் ஒரு தந்தி வந்தது. உடனே பேரரசர், படை முழுவதையும் கிழக்கே திருப்பச் சொன்னார். முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. லட்சக்கணக்கான வீரர்களை ரயில் ஏற்றும் ஏற்பாட்டை ஒரே இரவில் மாற்ற முடியாது என்பது அவர் வாதம். அந்தச் சில மணி நேரத்தைப் படித்தால், எதிர்க்கூட்டணி ஒன்று இருப்பதே ஒரு நாட்டின் கையை எப்படிக் கட்டிப்போடும் என்று புரியும்.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு பெரியது? சங்கிலி என்று எழுதிவிட்டால் முடிவெடுத்த மனிதர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ஜூலை 23-இல் செர்பியாவுக்குக் கெடு அனுப்பிய ஆஸ்திரியர்கள் இருந்தார்கள். 30-இல் ரஷ்யாவின் முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புதல் கொடுத்த பேரரசர் நிக்கோலஸ் இருந்தார். எல்லோரும் விதியின் மேல் பழிபோட்டுத் தப்பித்துவிட, நாம் வழிவிட்டதாகிறது. இன்னொன்றும் உண்டு. இதே கூட்டணிகள்தான் 1912-13 பால்கன் போர்களின்போதும் இருந்தன. அப்போது ஜெர்மனி ஆஸ்திரியாவை அடக்கி வைத்தது, தூதர்கள் லண்டனில் கூடிப் பேசினார்கள், வல்லரசுகள் மோதவில்லை. கூட்டணி கடிவாளமாகவும் இருக்கும், தார்க்குச்சியாகவும் இருக்கும். எப்போது எது என்று தேடுவதுதான் வரலாறு படிக்கிறவரின் வேலை.

எல்லா உடன்படிக்கைகளையும் ஒரே எடையில் போடுவது

1904-இல் பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்து, மொராக்கோ பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டன. 1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றி. இரண்டும் காலனி ஆதிக்கத் தகராறுகளுக்கான தீர்வுகள், ராணுவக் கூட்டணிகள் அல்ல.

ரகசிய ஷரத்துகளை மறப்பது

ருமேனிய உடன்படிக்கை மன்னருக்கும் சில அமைச்சர்களுக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி. மக்கள் எதை நம்பினார்கள் என்று எழுதும் முன், அவர்களுக்கு எது தெரிந்திருக்கும் என்று பாருங்கள்.

"கூட்டணியே இல்லாதிருந்தால் அமைதி" என்று முடிப்பது

1939-ஐப் பாருங்கள். பிரிட்டனும் பிரான்ஸும் மாஸ்கோவில் நடத்திய பேச்சு பலிக்கவில்லை. ஆகஸ்ட் 23-இல் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டார். 25-இல் பிரிட்டன் போலந்தோடு கூட்டணி ஒப்பந்தம் செய்தது. மறுநாள் தொடங்கவிருந்த படையெடுப்பை ஹிட்லர் அன்று மாலையே தள்ளிவைத்தார். ஆனால் செப்டம்பர் 1-இல் தாக்கிவிட்டார். கிழக்கே வலுவான கூட்டாளி இல்லாத நிலையில் அந்த வாக்குறுதி அவரை ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்திவைக்கவில்லை.

1914-ஐ மட்டுமே உதாரணம் காட்டுவது

பழைய கிரேக்க நகர அரசுகளான ஏதென்ஸும் கொர்கைராவும் கி.மு. 433-இல் கைகோத்ததையும், அதைக் காட்டி கொரிந்து என்ற இன்னொரு நகர அரசு ஸ்பார்ட்டாவைப் போருக்கு நெருக்கியதையும் படியுங்கள்.

நேட்டோ ஷரத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டுவது

ஓர் உறுப்பு நாட்டின் மீது தாக்குதல் என்றால் எல்லோர் மீதும் தாக்குதல் என்பதோடு 1949 ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஷரத்து முடியவில்லை. தேவை என்று கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியையும் சேர்த்து எழுதுங்கள்.