கிணற்றில் விழுந்த மணியும் ஓலைக் காத்தாடியும்: வீட்டுக்கல்வியைத் தொடங்குவது எப்படி?

எங்கள் வீடு கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டுக்குள் தமிழ், பேருந்தில் மலையாளம், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போனால் மறுபடி தமிழ். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. இரண்டு வருடமாக இருவருக்கும் பாடம் வீட்டில்தான்.

முதல் இரண்டு மாதம் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். 9 மணிக்குக் கணக்கு, 9.45-க்குத் தமிழ். வகுப்பு முடிந்தால் அடிக்க ஒரு பித்தளைக் கைமணிகூட வைத்திருந்தேன். ஒரு நாள் மகன் அந்த மணியைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டான்.

என் அப்பா பக்கத்துத் தோட்டத்திலிருந்து, கிணற்றில் விழுந்ததைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக் கரண்டியை வாங்கி வந்தார். கயிறு எவ்வளவு வேண்டும் என்று தெரியவில்லை. கல் கட்டிக் கயிற்றை இறக்கி, ஏற்றி, முழம் போட்டுப் பார்த்தார். 14 முழம். மகளும் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு 19 வந்தது. "அப்பிச்சி தப்பா எண்ணிட்டாரு" என்றாள். தாத்தாவை அப்பிச்சி என்றுதான் கூப்பிடுவாள். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் 14, 19. அப்புறம் இருவர் கையையும் டேப்பால் அளந்தோம். அப்பிச்சியின் முழம் 45 செ.மீ., அவளுடையது 33. பெருக்கிப் பார்த்தால் ஒன்று 630, மற்றொன்று 627. அளவுகோல் எதற்கு என்று நான் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அட்டவணையை அன்றைக்கே கிழித்துவிட்டேன்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றுதான்: முதலில் வேலை, பாடத்தின் பெயர் பிறகு. "வா, கணக்குப் போடலாம்" என்று கூப்பிடாதீர்கள். வேலையைத் தொடங்குங்கள். கணக்கு நடுவில் வந்து நிற்கும்.

படி 1: காகித வேலை

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கல்வி என்று தனிப் பிரிவு அதில் கிடையாது. பிற்பாடு சான்றிதழ் வேண்டும் என்றால் பெரும்பாலோர் போகும் வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்.ஐ.ஓ.எஸ். அதில் 3, 5, 8-ஆம் வகுப்புக்கு இணையான மூன்று நிலைகள் இருக்கின்றன. 10-ஆம் வகுப்புத் தேர்வுக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். 5 வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு 10-ஆம் வகுப்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கெடுத்துக்கொண்டேன், பயனில்லை.

படி 2: முற்றத்தில் கிடப்பதை எடுங்கள்

கைவினைப் பெட்டி என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் கரும்பனை, அதனால் நாங்கள் ஓலையில் தொடங்கினோம். உங்கள் ஊரில் தென்னையோ மூங்கிலோ இருக்கலாம்.

காத்தாடிக்கு வேண்டியவை: பனையோலை ஒரு கீற்று, ஒரு கருவேல முள், ஒரு சோளத்தட்டை. ஓலையைப் பெரியவர் நறுக்கிக் கொடுங்கள். அதன் ஓரம் பிளேடு மாதிரி கிழிக்கும்.

1. ஓலையை 15 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்துக்கு நறுக்குங்கள். நடு எது என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். என் மகன் மடித்துப் பார்த்தான், மகள் அளந்து 7.5 என்றாள். இரண்டும் சரி.
2. நடுவில் முள்ளால் துளையிட்டு, ஓலை தாராளமாகச் சுற்றும் அளவுக்குத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.
3. சோளத்தட்டையிலிருந்து ஒரு சிறு வில்லை நறுக்கி, ஓலைக்கும் தட்டைக்கும் நடுவில் வைத்து முள்ளைக் குத்துங்கள். வில்லை இல்லாவிட்டால் ஓலை தட்டையில் உரசி நின்றுவிடும்.
4. இப்போது காற்றில் பிடிக்கச் சொல்லுங்கள். சுற்றாது. சுற்றாது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்லாதீர்கள்.
5. "ஏம்மா சுத்தல?" என்று கேட்கும்வரை பொறுங்கள். பிறகு ஒரு பாதியை லேசாக இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமும் முறுக்கச் சொல்லுங்கள். சுற்றும். முறுக்கை மாற்றினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றும்.

காத்தாடியின் இந்த நான்காவது கட்டத்தில்தான் பெற்றோர் தோற்பது வழக்கம். பிள்ளை முகம் சுருங்கினால் கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

ஓலையின் ஒரு முனையில் குங்குமத்தைக் குழைத்துத் தடவினால், ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணப் பார்க்கலாம். மெல்லிய காற்றில்தான் முடியும், பலத்த காற்றில் கண் தோற்றுவிடும்.

இங்கிருந்து புவியியலுக்குப் போக எங்களுக்கு வசதி அதிகம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லாத பாலக்காட்டுக் கணவாய். நாங்கள் இருப்பது அதன் வாசலில். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். அதைத்தான் மலையாளத்தார் விருச்சிகக் காற்று என்கிறார்கள். அவர்களுடைய விருச்சிகம் நமக்குக் கார்த்திகை. சுவரில் தமிழ் நாட்காட்டியையும் மலையாள நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, தினமும் காலையில் காத்தாடி எந்தப் பக்கம் பார்த்தால் நன்றாகச் சுற்றுகிறது என்று ஒரு அம்புக்குறி போடச் சொன்னேன். நான்கு மாதத்தில் அம்புகள் திரும்பிவிட்டதை மகள்தான் முதலில் பார்த்தாள்.

கணவாயில் காற்று ஏன் வேகமாகிறது? வாசலில் மணலை இரண்டு மேடாகக் குவித்து, நடுவில் இடுக்கு விட்டு, இடுக்கிலும் மேட்டுக்குப் பின்னாலும் கொஞ்சம் உமி தூவி, விசிறியால் வீசுங்கள். இடுக்கில் உள்ள உமி பறக்கும், மேட்டுக்குப் பின்னால் உள்ளது அசையாது. இதைப் பார்த்த பிறகு பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை ஏன் நிறுவியிருக்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 3: கதைக்கு ஒரு திரை கட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாலக்காட்டுப் பகுதியில் பல பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். அதற்கென்றே கூத்துமாடம் என்று தனிக் கட்டடம் இருக்கும். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு. கேரளத்தில் நடக்கும் அந்தக் கூத்தில் பாடுவது கம்பராமாயணம், தமிழ்ப் பாட்டு. பாவையாட்டுபவரைப் புலவர் என்றே அழைப்பார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியவில்லை, அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். அதனால் எதிரே ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். இதைக் கேட்ட என் மகன், "அப்ப நாமளும் யாரும் வராட்டியும் செய்யலாம்" என்றான். அப்படித் தொடங்கியது.

வேண்டியவை: பழைய கல்யாணப் பத்திரிகை அல்லது சேலைப் பெட்டி அட்டை, தென்னை ஈர்க்கு, நூல், வெள்ளை வேட்டி, செல்போன் டார்ச். கோயிலில் விளக்கு என்பதற்காக வீட்டில் அகல் வைக்காதீர்கள். நான் வைத்தேன். நரிப் பொம்மையின் வால் கருகி, வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அது என் வீட்டுக்காரருடைய கல்யாண வேட்டி.

முதலில் கதை. புதுக்கதை வேண்டாம். வடை சுட்ட பாட்டி கதை போதும், பாத்திரம் மூன்றே மூன்று. பிள்ளையைச் சொல்லவிட்டு, அது சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள். மகன் சொன்னதில் காக்கா வடையைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் பாடியது, நரி ஏமாந்து போனது. அதையும் அப்படியே எழுதினேன். அவனுக்கு வாசிப்புப் பாடம் அதுதான். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் என்பதால் எழுத்து முழுதாகத் தெரியாமலே வாசித்தான். மூன்று நாளில் ‘கா’வையும் ‘வ’வையும் வேறு இடத்திலும் அடையாளம் கண்டான்.

பிறகு பொம்மை. 15 செ.மீ. உயரத்தில், பக்கவாட்டில் தெரிகிற மாதிரி வரையுங்கள். நேர்முகமாக வரைந்தால் நிழலில் வெறும் உருண்டைதான் தெரியும். வெட்டி, கண்ணுக்கும் சேலைக் கரைக்கும் ஆணியால் துளை போடுங்கள். துளை வழியே ஒளி வந்தால்தான் அலங்காரம் தெரியும். அசைய ஒரு உறுப்பு மட்டும் போதும்: பாட்டிக்குக் கை, காக்காவுக்கு அலகு. தனியாக வெட்டி, நூலைக் கோத்து இரு பக்கமும் முடிச்சிட்டு, ஈர்க்கை ஒட்டுங்கள்.

வேட்டியைக் கதவு நிலையில் இழுத்துக் கட்டி, 120 செ.மீ. பின்னால் முக்காலியில் டார்ச்சை நிறுத்துங்கள். பார்ப்பவர்கள் மறுபக்கம். அறை இருட்டாக இருக்க வேண்டும்.

பொம்மையை டார்ச்சுக்கு அருகே கொண்டுபோனால் நிழல் பெரிதாகும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். கத்தட்டும். அடங்கிய பிறகு தரையில் சாக்பீஸால் டார்ச்சிலிருந்து 60, 40, 30 செ.மீ. தூரத்தில் கோடு போடுங்கள். 15 செ.மீ. பொம்மையின் நிழல் 60-இல் 30 செ.மீ., 40-இல் 45, 30-இல் 60. டார்ச்சிலிருந்து திரைக்குள்ள தூரத்தை டார்ச்சிலிருந்து பொம்மைக்குள்ள தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். மகள் இதைத் தானே பிடித்துவிட்டு, "அப்ப பத்து மடங்கு வேணும்னா பன்னெண்டுல வெக்கணும்" என்றாள். வைத்தாள். காக்கா திரைக்குள் அடங்கவில்லை. டார்ச்சை அணைத்து அறையின் டியூப் லைட்டைப் போட்டு, நிழல் ஏன் மங்கி விரிகிறது என்றும் கேட்டுப் பார்க்கலாம். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வராமல் நீளத்துக்கும் வருவதுதான் காரணம்.

படி 4: இரட்டைச் சொல் அட்டை

எல்லையில் இருப்பவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கிற பாடம். கரூரிலிருந்து வந்த என் தம்பி, "பட்டியில ஆடு எத்தனை நிக்குது?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு மலையாளப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மொழியில் பட்டி என்றால் நாய். அன்றே அட்டை வெட்டினோம். நடுவில் மடித்து, ஒரு பக்கம் தமிழ்ப் பொருளுக்குப் படம், மறுபக்கம் மலையாளப் பொருளுக்குப் படம். வெள்ளம்: நமக்குக் கரை புரள்வது, அவர்களுக்கு டம்ளரில் இருப்பது. மதி: நமக்கு நிலவு, அவர்களுக்குப் ‘போதும்’. பறை: நமக்கு மேளம், அவர்களுக்குச் ‘சொல்லு’. இப்போது 30 அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டது. பையனும் சேர்ந்து விளையாடுகிறான், அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது.

படி 5: கைவேலையால் ஆகாதவை

எல்லாமே விளையாட்டில் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய்ப்பாடும் கையெழுத்தும் எங்களுக்கு வரவில்லை. தினமும் காலையில் 20 நிமிடம் உட்கார வைத்துத்தான் செய்கிறோம். சில நாள் அழுகையும் உண்டு. வாய்ப்பாட்டைப் பொம்மையாட்டத்துக்குள் திணித்துப் பார்த்தேன், இரண்டுமே கெட்டது. மற்றபடி இந்த வயதுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் தாராளம்.

படி 6: எழுதி வையுங்கள்

ஒரு நீள நோட்டு. வெள்ளிக்கிழமை இரவு மூன்று வரி: என்ன செய்தோம், என்ன கேட்டார்கள், எது வரவில்லை. பாடத்தின் பெயரை இங்கேதான் ஓரத்தில் எழுதுவேன்: கிணறு என்றால் அளவை, காத்தாடி என்றால் புவியியல். ஒரு மாதம் ஓரத்தைப் பார்த்தால் எந்தப் பாடம் வரவே இல்லை என்று தெரிந்துவிடும். எனக்குத் தொடர்ந்து விடுபட்டது வரலாறு. பாவைகளைச் செய்தித்தாள் நடுவே தட்டையாக வைத்தால் வளையாது. காத்தாடியைச் சேர்த்து வைக்காதீர்கள், ஓலை காய்ந்து நொறுங்கிவிடும், அம்புக்குறித் தாள் போதும்.

இந்த வாரம் புதுக் கூத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி கிணற்றில் விழுந்த கதை. அப்பிச்சி பொம்மைக்குக் கை அசைகிறது. அம்மா பொம்மைக்கு வாய் மட்டும்.