டையூ போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை: அப்பாவின் நோட்டும் ஆச்சியின் திருத்தங்களும்

மும்பை தாராவி, தொண்ணூறு அடி ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டு பீரோவில் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. அட்டையில் அப்பா கையெழுத்தில் ‘டையூ’ என்று இருக்கும். வருஷா வருஷம் தீபாவளி லீவுக்குப் போய் வருகிற தீவு. எத்தனை மணிக்குக் கிளம்பினோம், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தோம், என்ன மீன் கிடைத்தது, யாருக்கு வயிறு கெட்டது என்று அப்பா ஒன்று விடாமல் எழுதி வைத்திருப்பார். புது ஊருக்குப் போகிறவன் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுப் போவான். நாங்கள் நோட்டைப் புரட்டிவிட்டுப் போனோம். பட்ட பாட்டில் பாதி அதனால்தான்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: டையூ, குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையை ஒட்டிய குட்டித் தீவு, ஆனால் குஜராத்தில் சேராது, யூனியன் பிரதேசத்தில் சேர்ந்தது. 1535இல் கோட்டை கட்டி உட்கார்ந்த போர்ச்சுகீசியர், 1961 டிசம்பரில் நம் ராணுவம் போய் எழுப்பிய பிறகுதான் எழுந்தார்கள்.

முதல் தவறு மும்பையிலேயே நடந்துவிடும். வேராவல் போகிற ரயில் பாந்த்ரா டெர்மினஸில் புறப்படும். லோக்கல் ரயில் நிற்கிற பாந்த்ரா ஸ்டேஷன் வேறு, டெர்மினஸ் வேறு. முலுண்டிலிருந்து வந்த சித்தப்பா, தாதரில் மாறி, பாந்த்ராவில் இறங்கி, இரண்டு பெட்டியையும் ஒரு தூக்குவாளி புளியோதரையையும் வைத்துக்கொண்டு லோக்கல் பிளாட்பாரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் போன் போட்டபோது, “நான் அப்பவே வந்துட்டேன், நீங்கதான் லேட்டு” என்று எங்களையே கோபித்துக்கொண்டார். கடைசியில் ஆட்டோ பிடித்து, ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஏறினார். புளியோதரை மட்டும் முன்னாலேயே, ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தது. இப்போது கார் ரோடு ஸ்டேஷனிலிருந்து டெர்மினஸுக்கு நடைமேம்பாலமே இருக்கிறது. லோக்கலில் வருகிறவர்கள் அங்கே இறங்குங்கள். வேராவலில் இறங்கிய பிறகும் ரோட்டு வழியே 90 கிலோமீட்டர் போல இருக்கிறது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். முதல் வருஷம் நாங்கள் வைக்கவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு போகாதீர்கள். தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள் வருகிற லாப் பஞ்சமி வரை குஜராத்தில் பல வியாபாரிகள் கடை திறக்க மாட்டார்கள்; குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். போதாததற்கு குஜராத்தில் மதுவிலக்கு, டையூவில் அது இல்லை. கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். அந்த வாரத்தில் நாங்கள் போனபோது, ஒரு அறையில் ஒன்பது பேர் படுத்தோம். பெரிய அத்தை குளியலறை வாசலில் தலை வைத்திருந்ததால், ராத்திரி எழுந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போனோம். டிசம்பர் 31ஆம் தேதியும் இதே கதைதான். பஞ்சமி கழிந்து நாலு நாள் விட்டுப் போனால் நாகோவா கடற்கரையில் காலை நீட்டி உட்காரலாம்.

நோட்டு எங்களை முழுசாகக் கவிழ்த்தது கங்கேஸ்வரர் கோயிலில். கடலோரப் பாறைக் குகைக்குள் ஐந்து லிங்கங்கள். கடல் ஏறும்போது அலையே வந்து அபிஷேகம் செய்துவிட்டுப் போகும். முதல் வருஷம் அதைப் பார்த்து ஆச்சி அழுதேவிட்டார். அப்பா உடனே தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டார். அடுத்த வருஷம் அதே தேதி, அதே மணி. விடிவதற்கு முன் எல்லோரையும் எழுப்பி, பல் தேய்க்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போனார். கடல் எங்கேயோ கிடந்தது. லிங்கத்தின் மேல் நேற்றுப் போட்ட பூ வாடியிருந்தது. ஒரு நண்டு மட்டும் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தது.

“கடலுக்கு உன் கெடியாரம் தெரியுமால?” என்றார் ஆச்சி. ஆச்சிக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். பள்ளிக்கூடம் போனதில்லை, பஞ்சாங்கம் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

விஷயம் இதுதான். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை இறங்கும். நிலாவின் இழுப்பால் நடப்பதால், ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்று ஆறு மணி என்றால் நாளை ஏழு மணிக்குச் சற்று முன். போன வருஷத்துத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் மோசம். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். நம் காலண்டருக்கு 11 நாள் குறைகிறது. தேதி ஒன்றாக இருந்தாலும் நிலா வேறு இடத்தில் இருக்கும். திதி ஒன்றாக இருந்தால் கடல் ஏறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் பெரிசு, வற்றமும் பெரிசு.

ஆச்சி இவ்வளவு விளக்கவில்லை. “தேதிய எழுதாத. தீவாளி கழிஞ்சி எத்தனாவது நாளுன்னு எழுது” என்றார், அவ்வளவுதான். தீபாவளி அமாவாசையை ஒட்டித்தானே வருகிறது! அப்பா பழைய பக்கங்களை எடுத்து, காலண்டர்களைத் தேடிப் பிடித்து, எல்லாத் தேதிகளையும் அடித்துத் திருத்தினார். அதன்பின் கங்கேஸ்வரர் எங்களை ஏமாற்றவில்லை. நோட்டும் ஆச்சியும் இல்லாதவர்கள், கிளம்புமுன் அன்றைய ஏற்ற நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்குவதற்கும் அந்த நேரம் தெரிந்திருப்பது நல்லது. மழைக்காலத்தில் இறங்கவே வேண்டாம்.

ஆச்சியும் தப்புப் பண்ணாதவர் இல்லை. டையூவில் ஹோக்கா என்று ஒரு பனை இருக்கிறது. பனைதான், ஆனால் கவை கவையாகக் கிளை விட்டிருக்கும். பனங்காட்டில் வளர்ந்த ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, “பனை கிளை விட்டா ஊருக்கு ஆகாதுல்லா” என்று பஸ்ஸை விட்டு இறங்கவே யோசித்தார். பிறகு மனசு மாறி நுங்கு கேட்டார். ஹோக்காவில் நம்ம ஊர் நுங்கை எதிர்பார்க்கக் கூடாது. நாராகவும் கெட்டியாகவும் ஒரு பழம் கிடைக்கும். அதைச் சீப்பிப் பார்த்த மாமாவின் பல் கட்டு அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

குக்ரி நினைவிடத்தை அவசரமாகப் பார்த்துவிட்டு வராதீர்கள். 1971 டிசம்பர் 9 இரவு, இந்தக் கரைக்கு அப்பால்தான் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கடிக்கப்பட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. வாய் ஓயாத எங்கள் கும்பல் சத்தம் போடாமல் நிற்கிற ஒரே இடம் அது.

தீவின் மேற்குக் கோடியில் வனக்பாரா, மீன்பிடித் துறை. கருவாட்டை வாங்குங்கள், ஆனால் ரயிலில் ஏசி பெட்டியில் கொண்டுவராதீர்கள். பூட்டிய பெட்டி, சுற்றிலும் வெங்காயம்கூடத் தொடாத குடும்பங்கள். அந்த ராத்திரி முழுக்க அம்மா, வாசனைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக பாட்டில். டையூவில் சாதாரணமாக வாங்குகிற சரக்கை அனுமதி இல்லாமல் குஜராத்துக்குள் எடுத்துப் போவது குற்றம். ஊனா பக்கம் எல்லையில் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது தெரியும். ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்காக ஆச்சி கொண்டுவந்த நல்லெண்ணெய் ஒரு காலி விஸ்கி பாட்டிலில் இருந்தது. கனமான கண்ணாடி, நல்ல மூடி, தூக்கிப்போட மனசு வராமல் அம்மா கழுவி வைத்திருந்தது. திரும்பும்போது பாதி காலி. நிறமோ அசல் விஸ்கி நிறம்.

போலீஸ்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். ஆச்சி தன் தாராவி இந்தியில், “சிர் மே லகாவ், டண்டா ஹோயேகா” (தலைக்குத் தேயி, குளிர்ச்சியா இருக்கும்) என்று தொப்பியைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில், யாரும் கேட்காமலே பின் ஸீட்டிலிருந்து சித்தப்பாவின் குரல், முதலில் தமிழில், பிறகு இந்தியில்: “நான் நேத்து ராத்திரியே குடிச்சு முடிச்சிட்டேன் சார், ஒண்ணும் எடுத்துட்டு வரல.”

நாற்பத்தாறு வயசு. சித்தப்பா குடிப்பார் என்பது ஆச்சிக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். வேராவல் வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

நோட்டில் அந்த வருஷத்துக் கடைசி வரி அப்பாவுடையதல்ல. பென்சிலில், எழுத்துக்கூட்டி எழுதியது: ‘எண்ணை ஆர்லிக்சு பாட்டில்ல. சின்னவன் என் பக்கத்து சீட்டுல.’