இங்கிலாந்தில் முதன்முறையாக வீடு விற்பவர்களுக்கு: கேட்கும் விலையை எப்படித் தீர்மானிப்பது?

ஊரில் காணி விற்கும்போது, எப்படியும் பேரம் பேசிக் குறைப்பார்கள் என்று விலையைச் சற்று உயர்த்திச் சொல்வோம். வாங்க வருபவரும் அதை அறிந்தே வருவார். லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ முதல் வீட்டை வாங்கி, சில ஆண்டுகளில் அதை விற்றுப் பெரிய வீட்டுக்கு மாற நினைக்கும் நம்மவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். இங்கு வாங்குபவர் ரைட்மூவ் போன்ற வீட்டு விற்பனை இணையத்தளங்களில் தன் உச்ச விலையைக் குறித்துவிட்டே தேடுகிறார். அதற்கு மேற்பட்ட விலையிலுள்ள வீடு அவர் கண்ணில் படாது. படாத வீட்டுக்குப் பேரம் பேச யாரும் வரப்போவதில்லை.

வீட்டின் ஆற்றல் திறனைக் காட்டும் ஈ.பி.சி. சான்றிதழையும், சட்டப் பணிகளைப் பார்க்கும் சொலிசிட்டரையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவற்றில் சிக்கல் அதிகமில்லை.

சிக்கல், வீட்டை விற்றுத்தரும் தரகரான ஏஜென்டைத் தெரிவு செய்வதில்தான் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் தம் மூன்று அறை வீட்டை மதிப்பிட மூவரை அழைத்தார். ஒருவர் 490,000 பவுண் என்றார், மற்றவர் 500,000 என்றார், மூன்றாமவர் 540,000 என்றார். கூடிய விலை சொன்னவரே திறமைசாலி என்று நம்பி, நண்பர் அவரிடம் பதினாறு வார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்த விலையில் ஒருவரும் வரவில்லை. பிறகு அதே ஏஜென்ட், சந்தை மந்தமாகிவிட்டது என்று சொல்லி விலையை 525,000 ஆகவும், பின்னர் 510,000 ஆகவும் குறைக்க வைத்தார். இணையத்தில் நெடுநாள் கிடந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறதென்று பார்ப்பவர்கள் நினைக்கத் தொடங்கிய பின், அது 480,000க்கு விலைபோனது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்போடு இப்படி விளையாடுவதை நினைக்கையில் எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை.

ஏஜென்டின் கணக்கைப் பாருங்கள். தரகுக் கூலி 1.25 வீதம் என்றால், 20,000 பவுண் குறைந்து விற்பதால் அவருக்கு இழப்பு 250 பவுண் மட்டுமே. இழக்கும் 20,000 உங்களுடையது. ஆகவே நல்ல விலையைப் பெறுவதைவிட, உங்கள் கையெழுத்தைப் பெறுவதே அவருக்கு முக்கியமாகிவிடக்கூடும்.

அந்தக் குறைப்புகளிலும் ஒரு பெரும் தவறு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல், முதன்முறை வீடு வாங்குபவருக்கான முத்திரை வரிச் சலுகை 500,000 பவுண் வரைதான் உண்டு. 500,000க்கு வாங்குபவர் 10,000 பவுண் வரி செலுத்துவார். 505,000க்கு வாங்கினால் சலுகை முழுவதும் போய், 15,250 பவுண் செலுத்த வேண்டும். எனவே இளம் தம்பதியர் அதிகம் தேடும் வகை வீட்டுக்கு 510,000 என்பது அநேகமாக எவருக்கும் பொருந்தாத விலை. சரியாக 500,000 என்று வைத்தால், அதை உச்ச வரம்பாக வைத்துத் தேடுபவருக்கும், அதிலிருந்து மேலே தேடுபவருக்கும் உங்கள் வீடு தெரியும்.

மதிப்பை நீங்களே கணிக்கலாம். 1995 முதல் விற்ற வீடுகளின் விலைகளை அரசின் காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரி இலவசமாக வெளியிடுகிறது, ஈ.பி.சி. பதிவேட்டில் அந்த வீடுகளின் பரப்பளவும் கிடைக்கும். உங்கள் தெருவில் அண்மையில் விற்ற வீடுகளைத் தேர்ந்து, சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் விலையை வைத்துக் கணக்கிடாதீர்கள், விற்று முடிந்த விலை மட்டுமே கணக்கு. எவராவது அதிக விலை கொடுக்க இணங்கினாலும், வங்கியின் மதிப்பீட்டாளர் அதை ஏற்காவிட்டால் கடன் குறையும். இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை வாங்குபவர் விலகிக்கொள்ளவும் முடியும்.

ஏஜென்ட் கூடுதல் விலை சொன்னால், அதற்கு ஆதாரமாக விற்று முடிந்த மூன்று வீடுகளைக் காட்டும்படி கேளுங்கள். ஒப்பந்தக் காலத்தை எட்டு வாரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். ‘சோல் செல்லிங் ரைட்ஸ்’ என்ற சொல் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். அதன்படி, கோயிலில் சந்தித்த உறவினர் ஒருவருக்கு நீங்களே பேசி விற்றாலும் ஏஜென்டுக்குக் கூலியும் அதன்மேல் 20 வீத வாட் வரியும் கொடுக்க வேண்டும். ‘சோல் ஏஜென்சி’ என்றிருந்தால், நீங்களாகத் தேடிய ஆளுக்கு விற்கும்போது அந்தக் கூலி இல்லை.