கேம்பர் வைக்கிறதுக்கு முன்னாடி தரையைப் பாரு மச்சி

வியாசர்பாடில எங்க ஷெட் வாசல் கால்வா பக்கமா லைட்டா சரிஞ்சி கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. அங்க நிறுத்தி வச்சித்தான் முதல் தடவை என் மாருதி எஸ்டீம் காருக்கு கேம்பர் வச்சேன், அதாவது முன்னாடிலருந்து பாத்தா வீல் எவ்ளோ சாஞ்சி நிக்கணும்ங்கிற அளவு. ரெண்டு பக்கமும் 2 டிகிரி நெகட்டிவ்னு குஷியா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துனு போனா லெஃப்டுக்கு ஒரு மாதிரி ரைட்டுக்கு ஒரு மாதிரி திரும்புது வண்டி. முன் வீலுங்களுக்கு நடுவுல சுமாரா 1400 மிமீ, அதுல அரை இன்ச் இறக்கம் இருந்தாலே ஒரு பக்கம் அரை டிகிரி கூட காட்டும், இன்னொரு பக்கம் அரை கம்மி.

அதனால மொதல்ல கொத்தனார் வச்சிருப்பாரே தண்ணி டியூப், அதை வாங்கி நாலு வீல் நிக்கிற இடத்தையும் மட்டம் பாரு. பள்ளமான இடத்துல டைல்ஸ் துண்டு போட்டு ஏத்து. டயர்ல காத்து சரியா வை, டிரைவர் சீட்ல 25 கிலோ அரிசி மூட்டை மூணு தூக்கிப் போடு, ஏன்னா ஆள் உக்காந்தா வண்டி இறங்கும், கேம்பரும் மாறும்.

நெகட்டிவ் கேம்பர்னா வீலோட மேல் பக்கம் உள்ள சாஞ்சி நிக்கிறது. வேகமா திரும்புறப்ப பாடி வெளிப்பக்கம் சாயும், வெளி டயர் ஓரத்துல ஏறி நிக்கும். முன்கூட்டியே உள்ள சாய்ச்சி வச்சிருந்தா அந்த நேரத்துல டயர் முழுசா தரையில உக்காரும். ரொம்ப சாய்ச்சா நேர் ரோட்டுல பிரேக் அடிக்கும்போது உள் ஓரம் மட்டும்தான் தரையைத் தொடும், வீல் சீக்கிரம் லாக் ஆகும். போட்டோல கெத்தா தெரியுதுன்னு 4 டிகிரி வைக்கிற பசங்களைப் பார்த்தா சிரிப்புதான் வருது.

அளக்க தூக்குக்குண்டு போதும். ஸ்டியரிங்கை நேரா வச்சிட்டு நூலை வீலோட வெளிப்பக்கத்துல, நடுவுக்கு நேரா தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூல்லருந்து எவ்ளோ தூரம்னு பாரு. விளிம்புக்கு விளிம்பு 380 மிமீ இருந்தா, மேல 13 மிமீ கூட இருக்கிறது 2 டிகிரி.

மாத்துறதுக்கு, ஸ்ட்ரட் (வீலைத் தாங்குற ஷாக் அப்சார்பர் குழாய்) கீழ ரெண்டு போல்ட் இருக்கும்ல, பெரும்பாலும் அதுல மேல் போல்ட்டைக் கழட்டிட்டு கேம்பர் போல்ட், அதாவது திருப்பினா வீலோட சாய்வு மாறுற போல்ட் போடுவாங்க, வண்டியைப் பொறுத்து ஒன்றரை டிகிரி வரைக்கும் கிடைக்கும். டைட் அளவு பாக்கெட்ல போட்டிருக்கிறதுதான், கைக்கணக்குல முறுக்காத. ஜாக்கியை இறக்குனதும் உடனே அளக்காத, முன்ன பின்ன ரெண்டு மூணு தடவை தள்ளு, சஸ்பென்ஷன் உக்காரட்டும். அப்புறம் டோ பாரு, அதாவது மேலருந்து பாத்தா வீலோட முன்பக்கம் உள்ளயோ வெளியயோ எவ்ளோ திரும்பியிருக்குன்னு; கேம்பரைத் தொட்டா டோ கண்டிப்பா மாறும். இதை விட்டுட்டுத்தான் நான் ஒரு ஜோடி டயரைத் தின்னேன், உள் ஓரம் தேஞ்சி டயருக்குள்ள இருக்கிற நூல் தெரிஞ்சிடுச்சு.

ட்ராக்ல 2 டிகிரில ஆரம்பி. அஞ்சாறு லேப் நல்லா விரட்டிட்டு, மெதுவா சுத்தாம நேரா பிட்டுக்கு (ட்ராக் ஓரமா வண்டியை நிறுத்திப் பாக்குற இடம்) வந்து, ஊசி வச்ச டெம்பரேச்சர் மீட்டரால டயரோட உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூணுலயும் குத்திப் பாரு. உள் ஓரம் 5லருந்து 10 டிகிரி சூடு கூட இருந்தா ஓகே. வெளி ஓரம் அதிகமா கொதிச்சா இன்னும் கால் டிகிரி நெகட்டிவ் ஏத்து. உள் ஓரம் ரொம்ப எகிறினா குறை. நடு மட்டும் கொதிச்சா கேம்பரைத் தொடாத, காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு இன்னொரு ரவுண்டு போ.