அட்டிக்கில் ஆன்டெனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு வாங்கிய நம்மவர்கள் சிலர் கேபிளை நிறுத்திவிட்டு, உள்ளூர் சேனல்களை ஆன்டெனாவில் இலவசமாகப் பார்க்க நினைக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் ஆன்டெனா வந்ததும் நேரே அட்டிக்கில் (கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே உள்ள பரணில்) ஏற்றிவிட்டு, பாதிச் சேனல் வரவில்லை என்றதும் இன்னும் பெரிய ஆன்டெனா வாங்குகிறார்கள். கூரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆன்டெனாவையே தேர்வு செய்ய வேண்டும்.

டெக்சஸ் வெயிலுக்காகப் புதிய வீடுகள் பலவற்றில் கூரைப் பலகையின் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். ரேடியன்ட் பேரியர் என்பார்கள். வெப்பத்தைத் தடுக்கிற அந்தத் தாள் டிவி அலைகளையும் தடுத்துவிடும். டார்ச்சோடு அட்டிக்கில் ஏறி அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் பளபளவென்று மின்னினால் அங்கே ஆன்டெனா வைக்கும் யோசனையைக் கைவிடுவதே மேல். உலோகக் கூரைக்கும் அதே கதிதான். சாதாரண ஷிங்கிள் (தார் பூசிய ஓடு) கூரையென்றால் தாராளமாக முயலலாம். அதுவும் சிக்னலில் ஒரு பங்கைத் தின்னும். மழையில் நனைந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

'எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) வெளியே வைக்க விடாது, அதனால்தான் அட்டிக்' என்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். 1996-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தனிப்பட்ட உபயோகத்தில் உள்ள இடத்தில் உள்ளூர் டிவி ஆன்டெனா வைக்கச் சங்கம் தடை போட முடியாது. பாதுகாப்பு, புராதனக் கட்டடம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே விலக்கு. இது தெரியாமல் நல்ல சிக்னலை இழக்க வேண்டாம்.

அட்டைப் பெட்டியில் '200 மைல்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பூமியின் வளைவே அவ்வளவு தூரம் விடாது. டாலஸின் முக்கிய டிவி கோபுரங்கள் சீடர் ஹில்லில் இருக்கின்றன. ஃபிரிஸ்கோவிலிருந்து சுமார் 40 மைல், தெற்கே, சற்று மேற்காக. ஆன்டெனாவின் முகம் அந்தப் பக்கம் இருக்கட்டும்.

பலர் சறுக்கும் இடம் 8-ஆம் சேனல். டிவியில் தெரியும் எண்ணும் உண்மையில் ஒளிபரப்பாகும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 5-ஆம் சேனலான என்.பி.சி. 24-இல், அதாவது யு.எச்.எஃப். என்ற உயர் அலைவரிசைப் பகுதியில் வருகிறது. ஆனால் ஏபிசி ஒளிபரப்பும் டபிள்யூ.எஃப்.ஏ.ஏ. நிஜமாகவே 8-இல், அதைவிடக் குறைந்த அலைவரிசையான வி.எச்.எஃப்.-இல் இருக்கிறது. தட்டையான சிறு ஆன்டெனாக்கள் பெரும்பாலும் யு.எச்.எஃப்.-க்கு ஏற்றவை. மற்றதெல்லாம் வந்து ஏபிசி மட்டும் திக்கித் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். வாங்குமுன் ரேபிட்இயர்ஸ் (RabbitEars) இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் உண்மையான எண்ணும் திசையும் கிடைத்துவிடும்.

அட்டிக்குக்குள் எந்த மூலை என்பதும் முக்கியம். ஏசி குழாய்மேல் சுற்றிய வெள்ளித் தாளும் மின்கம்பிகளும் அலையைச் சிதறடிக்கும். யு.எச்.எஃப். அலையின் நீளமே ஏறக்குறைய 50, 60 செ.மீ.தான். அதனால் ஓர் அடி தள்ளி வைத்தாலே வராத சேனல் வரக்கூடும். முதலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, டிவியின் சிக்னல் மீட்டரில் தரம் எப்படி மாறுகிறது என்று ஒருவர் கீழேயிருந்து சொல்லச் சொல்ல நகர்த்துங்கள். ஆணி அடிப்பது அப்புறம்.

பூஸ்டர் (சிக்னல் பெருக்கி) மாட்டினால் எல்லாம் சரியாகும் என்பதும் தவறு. கூரை விழுங்கிய சிக்னலை அது மீட்டுத் தராது. நீளமான கேபிளிலும், ஒரே கேபிளைப் பல டிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரிலும் ஆகும் இழப்பைத்தான் ஈடுகட்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு டிவிக்கும் பாதிச் சிக்னல்கூடப் போகாது. கோபுரத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் பூஸ்டர் சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கி, வந்துகொண்டிருந்த சேனலையும் கெடுத்துவிடும்.

ஆகவே ஆர்ஜி-6 என்ற டிவி கேபிளில் முதலில் ஒரே ஒரு டிவியை நேரடியாக இணைத்து, ஒவ்வொரு முறை இடம் மாற்றியபின்பும் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதில் எல்லாம் சுத்தமாக வந்த பிறகு மற்ற அறைகளுக்குப் பிரிக்கலாம்.