கொழும்பில் ஒரு பேச்சுவழக்கைப் பதிந்து காப்பது எப்படி

மொழித் திட்டமிடலில் மூன்று வேலைகள்: மொழிக்குச் சட்டத் தகுதி வாங்குவது, எழுத்தும் அகராதியும் அமைப்பது, அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது. முதலாவதால் வட்டார வழக்குகளுக்குப் பெரிய பயனில்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் படிவத்திலும் பெயர்ப்பலகையிலும் வருவது எழுத்துத் தமிழ்தான். வெள்ளவத்தையின் யாழ்ப்பாணத் தமிழும் மருதானையின் முஸ்லிம் தமிழும் அதனால் பிழைக்கப்போவதில்லை. மனு எழுதும் நேரத்தை மற்ற இரண்டிலும் போடுங்கள்.

முதலில் வழக்கு எவ்வளவு உயிரோடு இருக்கிறதென்று பாருங்கள். யுனெஸ்கோ 2003இல் தந்த ஒன்பது அளவுகோல்களில் முதலாவது, தலைமுறைக்குத் தலைமுறை கைமாறுகிறதா என்பது. ஒரு ஒழுங்கையில் 20 வீடு போதும். அம்மம்மா என்ன பேசுகிறார், பேரப்பிள்ளை எதில் பதில் சொல்கிறது என்று குறியுங்கள். கேட்டு எழுதாதீர்கள், "வீட்டில தமிழ்தான்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இருந்து பார்த்து எழுதுங்கள்.

மூன்று தலைமுறையிலும் இரண்டிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாகத் தெரிவுசெய்யுங்கள். மைக்கைக் கண்டதும் பெரியவர்கள் செய்தி வாசிப்பவர்போல் மாறிவிடுவார்கள். நீங்கள் வேறு ஊர்க்காரர் என்றால் இன்னும் மோசம். ஒரே வழக்குப் பேசும் இருவரை ஒன்றாக இருத்தி, பதிவை ஓடவிட்டு அறையைவிட்டு வெளியே போங்கள். முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பழங்கதை கேட்பதைவிட மீன்குழம்பு வைக்கும் முறை, காணிச் சண்டை, பஸ்ஸில் நடந்த வாக்குவாதம் பற்றிப் பேசவைத்தால் வினைச்சொற்கள் தாராளமாக வரும். எங்கே வைப்போம், யார் கேட்கலாம், பெயர் போடலாமா என்ற மூன்றுக்கும் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே குரலில் வாங்குங்கள்.

பதிவு, ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி (WAV) கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். மோனோவில், அதாவது ஒற்றை ஒலித்தடத்தில், மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி வரும். வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம். அது ஒலியைச் சுருக்கும்போது நுண்ணிய வேறுபாடுகள் போய்விடும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுக் கீழே இருக்கவேண்டும். சட்டையில் குத்தும் மைக் சேலைத் தலைப்பில் உரசும். புழுக்கத்தில் ஃபானை நிறுத்தச் சொல்ல முடியாது. மிகக் குறைந்த வேகத்தில் விட்டு, காற்று மைக்கில் படாதபடி ஆளை இருத்துங்கள்.

உண்மையான வேலை எழுத்தாக்கத்தில்தான். ஒரு மணிநேரப் பதிவுக்கு எட்டுப் பத்து மணிநேரம் ஒதுக்குங்கள். ஈலான் (ELAN) என்ற இலவச மென்பொருளில் ஒலியையும் எழுத்தையும் வரிவரியாகப் பொருத்தலாம். இங்கே நடக்கும் பெரிய கேடு, நல்ல எண்ணத்தில் செய்யும் திருத்தம். "அவர் நேற்று வந்தவர்" என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னதை "வந்தார்" என்று எழுதினால் அந்த வழக்கின் இலக்கணக் கூறு ஒன்று அப்படியே அழிந்தது. "உவன்", "உங்கை" என்பவற்றை "இவன்", "இங்கே" ஆக்குவதும் அதே கதைதான். ஒரு வரியில் கேட்டபடியும் கீழ்வரியில் எழுத்துத் தமிழிலுமாக இரண்டடுக்கு வையுங்கள். ஒருவர் "டிக்கெட்" என்றும் இன்னொருவர் "ரிக்கற்" என்றும் எழுதியிருந்தால் தேடும்போது பாதி கிடைக்காது. இந்தக் கீழ்வரிதான் கைகொடுக்கும். பாமினி போன்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டால் தேடவே முடியாது. யூனிகோட் மட்டுமே.

கொழும்பின் கொம்பனித்தெருவில் பேசப்படும் மலாய் போன்ற மொழிக்கு முதலில் எழுத்தை முடிவுசெய்ய வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் மலாய்ப் பத்திரிகை அரபு எழுத்தில் அச்சானது. இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது வாசிக்க வராது. பிள்ளைகள் எதை வாசிக்கிறார்களோ அதில் தொடங்குவதே நடைமுறை.

கோப்புப் பெயரில் திகதி, இடம், வழக்கு மூன்றும் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துடன் பதிவு தொடங்குமுன்பே பேசி, அவர்கள் கேட்கும் விவரப் படிவத்தை வாங்கிவிடுங்கள். பிறகு நிரப்பப் போனால் பேசியவரின் ஊரும் வயதும் யாருக்கும் நினைவிருக்காது. பேசியவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், போனில் திறக்கும் எம்பி3 ஆக.